மாடியேறிய வெள்ளம்

சிகாபுதீன் கையெழுத்துப் போடப் பழகியதே கடை திறந்த பிறகுதான். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமந்து, சுமந்த தெருவிலேயே ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் விற்கிற கடைக்கு முதலாளியானவர். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். கம்பெனிக்காரன் தரும் வாரண்டி அட்டையை ஒரு விரலால் தள்ளி, "இது வெறும் கடுதாசி. கேரண்டி நானாக்கும்" என்பார்.

அந்த வார்த்தையை நம்பித்தான் கனகாம்பாள் வாஷிங் மெஷின் வாங்கி மாடி அறையில் வைத்தாள். ஹோம்ஸ்டேக்களுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. நாலே மாதத்தில் கதவு ரப்பர் கிழிந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி மெஷின் அணைந்துபோனது.

"ஒரு போன்ல தீக்கிறேன் பாரு" என்று சிகாபுதீன் அவள் எதிரிலேயே கம்பெனியை அழைத்து, அவளுக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு உண்டான எண்ணை அழுத்தினார்.

"உள்ளே முழுக்க வெள்ளம் கேறிப்போச்சு மோளே. எங்கே பாத்தாலும் வெள்ளம்."

கொச்சியில் பிறந்தவருக்குக் குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம். போனை எடுத்த சென்னைப் பெண்ணுக்கு அது தெரியுமா? "ரொம்ப வருத்தமா இருக்கு சார். வீட்டுல எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?" என்றாள்.

"என்னா மரியாதை, கேட்டியா?" என்று அவர் கனகாம்பாளைப் பார்த்தார்.

மூன்று நாள் அவருக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. நாலாம் நாள் கம்பெனி மெக்கானிக் ஷாஹிர் அவரோடு கனகாம்பாளின் மாடிக்கு வந்து, மெஷினைத் தொடாமல் போனைப் பார்த்தார். "இக்கா, வெள்ளப்பெருக்குன்னு பதிஞ்சிருக்கு. இதுக்கு வாரண்டி இல்ல."

"வெள்ளப்பெருக்கா? மாடியிலயா?"

"நீங்க சொன்னதுதானே. இனி மேலிடத்துல மாத்தி எழுதணும். பத்து நாளாகும்."

கனகாம்பாள் மூலையில் குவிந்த விரிப்புகளைக் காட்டினாள். "நாளைக்குக் காலையில நாப்பது கொடுக்கணும் பாய். இல்லேன்னா வேலை சுள்ளிக்கல் லாண்டரிக்காரனுக்குப் போயிடும்."

"கடையிலேருந்து புதுசு ஒண்ணு ஏத்தி அனுப்புறேன்."

"அதே கம்பெனிதானே? அதுவும் நாலு மாசம் ஓடிட்டு நீந்தப் போகும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்டுல எது ஓடுது பாய்?"

இருபத்திரண்டு வருடமாக ஓடும் மெஷினைப் பற்றி அவர் ஊர் முழுக்கப் பெருமையடித்திருந்தார். அவளுக்கும் தெரியும். அப்படி ஒன்றை அவர் விற்றே பல வருடமாகிறது.

ஷாஹிர் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார். சிகாபுதீன் படியிறங்கி ஒரு கூட்ஸ் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

வீட்டில் அவர் மனைவி ரம்லத் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். அவள் மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்கே போகுது?"

"கனகத்துக்கு. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப எனக்கு?"

"கடையில புதுசு இருக்கே."

"அதுக்கு யாரு கேரண்டி?"

அவர் ஆட்டோவில் ஏறி, மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பெனியின் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் நாக்குப் பழகட்டும் என்று, "தண்ணி... தண்ணி..." என்று முணுமுணுத்தபடி போனார்.