வீட்டுக்குள் ஒரு வீட்டோ

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பு விவசாயம் செய்யும் சிவசங்கரின் மனைவி சந்தியா, பி.ஏ.வோடு நின்ற படிப்பைத் தொடர்ந்து, அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் எம்.ஏ. படித்தாள். எல்லாத் தாளும் தேறினாலும் 'அமெரிக்க அரசாங்கம்' என்ற தாள் மட்டும் காலை வாரிவிட்டது. அதை மறுபடி எழுத வேண்டிய நாளில் கரும்பு வெட்டு வந்து விழுந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "வெட்டு ஆளுங்களுக்கு யாரு சோறாக்குறது? பரிட்சைய அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் சிவசங்கர்.

சந்தியாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தாள். "இதுக்குப் பேருதான் வீட்டோங்க. அந்த ஊரு ஜனாதிபதி ஒரு சட்டத்தை வேணாம்னு தள்ளலாம். ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு பேரு வேணும்னு சொன்னா, அவரு தள்ளுனது செல்லாது."

"சபைக்கு எங்க போறது?"

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மூவரைக் காட்டினாள். மாமனார் அரங்கநாதன் மகன் பக்கம் சாய்ந்தார். நாத்தனார் கலையரசி உடனே கை தூக்கினாள். மாமியார் ராஜாம்பாள் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார்.

"நானும் கலையும் ஆக்கிக்கிறோம்டா. அவ எழுதிட்டு வரட்டும்" என்று எச்சில் கையையே தூக்கினார் ராஜாம்பாள்.

பரீட்சையன்று கள்ளக்குறிச்சிக்கு பைக்கில் கொண்டுபோய் விட்டது சிவசங்கர்தான். "தோத்த ஜனாதிபதி அப்புறம் இன்னா பண்ணுவாரு?" என்று வழியில் கேட்டான்.

"பேசாம சட்டப்படி நடந்துக்குவாரு."

அந்தத் தாளில் சந்தியா தேறிவிட்டாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னதும் அவன்தான்.