அந்துருண்டைக் கோழிக்கூடு

வியட்நாமில் சைகோன் நகரம் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறிய கொஞ்ச நாளில் வாப்பாவின் பட்டுக்கடையை மூடிவிட்டார்கள். சரக்கையெல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போனவர்கள் காலி அலமாரிகளையும் ஒரு மூட்டை அந்துருண்டையையும் எங்களுக்கு விட்டுவைத்தார்கள். லாத்தா, அதாவது என் அக்கா, அப்போது பிள்ளை பெற்றுக் கிடந்தாள். ரேஷன் அரிசியும் கீரையும் தின்ற உடம்பில் பால் எப்படிச் சுரக்கும்? குழந்தை கத்திக் கத்தி ஓய்ந்துபோகும். முட்டையும் கோழிச்சாறும் கொடுத்தால்தான் தேறுவாள் என்று உம்மா தன் கடைசி வளையலை விற்றுக் கோழிகள் வாங்கி வந்தாள்.

கொல்லையில் கூடு கட்டியது வாப்பா. அலமாரிப் பலகைகளை அறுத்து, ஜன்னல் கம்பிவலையைப் பெயர்த்து, கடையில் பட்டு அடுக்குவதுபோல் கோழிக்கு ஓர் அறை என்று வரிசையாக வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. “கோழிக்கு மேசை நாற்காலி எப்ப வரும்?” என்று உம்மா கேட்டாள்.

கோழிக்குப் பேன் பிடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வாப்பா அந்துருண்டைகளை இடித்துத் தூளாக்கி வைக்கோலுக்கடியில் தாராளமாகப் பரப்பினார். திருட்டுக்குப் பயந்து, கல்லாப் பலகையை முன்னால் வைத்து இடுக்கில்லாமல் அடைத்தார்.

“மூக்கு எரியுது வாப்பா” என்றேன்.

“இத்தன வருஷம் என் பட்டுல ஒரு பூச்சி ஏறியிருக்கா? போடி உள்ள.”

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

விடிந்து பலகையை எடுத்தால் கோழிகள் விறைத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் கழுத்தைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது. உயிர் போய்விட்டால் ஹராமாகிவிடும் என்று வாப்பா கத்தியோடு ஓடி, பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். ஒன்றாவது ஹலாலாயிற்று என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாறு கொதித்தபோது வீடு முழுக்கத் துணிப்பெட்டி வாடை. லாத்தா கோப்பையை முகர்ந்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள். வாப்பா அவள் தாடையைப் பிடித்து அழுத்தினார். அவள் திறக்கவில்லை.

“பெத்த புள்ளையவிட நாக்கு பெருசாப் போச்சா ஒனக்கு?” என்று திட்டிவிட்டு, வீணாக்கக்கூடாதென்று அவரே குடித்தார். இரண்டு நாள் கக்கூஸே கதியாகக் கிடந்தார். அவர் நாறடித்த கைலிகளைப் பச்சை உடம்புக்காரி லாத்தாதான் அலசினாள். உம்மாவும் நானும் ரேஷன் வரிசையில் நின்றிருந்தோம்.

கஞ்சித்தண்ணீரில் குழந்தை அந்த மாதத்தைத் தாண்டவில்லை. அடக்கம் செய்துவிட்டு வந்த வாப்பா, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் லாத்தாவிடம் சொன்னார்: “அன்னைக்கு அந்தச் சாறக் குடிச்சிருந்தா பால் ஊறியிருக்கும். புள்ள பொழச்சிருக்கும்.”

அந்த மனிதரை நான் அந்த நிமிஷம் வெறுத்தேன். அவர் மவுத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருஷமாயிற்று, இன்னும் வெறுக்கிறேன். லாத்தா வெறுக்கவில்லை. கிழவியாகிவிட்டாள், இப்போதும் சோற்றில் கை வைத்தபடி என்னிடம் சொல்கிறாள்:

“நான் வாயத் தொறந்திருக்கலாம்டி.”