வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடல் டேங்க்

1. இறால்

என்னை இறாலும் கையுமாக ஒரு வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் கதிரை போட்டு, பிளேன்டீ ஊற்றித்தான் அனுப்புவார்கள். என் வேலை அப்படி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கொட்டாஞ்சேனையில் சொந்தமாக மீன் டேங்க் கடை போட்டு, டாக்டர்மார் வீட்டு ஹோலுக்குள் கடலைக் கொண்டுபோய் வைத்தேன் என்றால் சும்மாவா? பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

துரத்தியவர் வெள்ளவத்தை மங்கை டீச்சர். ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர். யாழ்ப்பாணத்து ஆட்கள், சுத்த சைவம். அந்த ஃபிளாட்டுக்குள் முட்டைகூட ஏறாது. அவருடைய புருஷன் சிவநேசன் சேருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஆசை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன் ஒரு சோடி சொந்த வீட்டில் நீந்த வேண்டும். பென்ஷன் எடுத்த பிறகுதான் வாய் திறந்து கேட்டாராம். டீச்சர் ஒரு கண்டிஷனோடு சம்மதித்தார்.

"ஒரு மீன் செத்தாலும் அண்டைக்கே டேங்க் கீழ போகும், ஸ்டான்லி. லிஃப்ட் வேலை செய்யாட்டியும் போகும்."

சேர் என்னைத் தனியாக பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்தார். "உம்மைத்தான் நம்பியிருக்கிறன். இது போனா இனி எனக்கு இந்த வீட்டில ஒரு தொட்டாச்சிணுங்கியும் வளர்க்க விடமாட்டா."

இந்த இடத்தில் தொழில் படிக்கிற பிள்ளைகள் கவனிக்க வேணும். புது டேங்க் தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் மீனின் கழிவில் வருகிற அமோனியா என்ற விஷத்தைத் தின்ன அதற்குள் ஒருத்தரும் இல்லை. அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு பக்டீரியா, நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்க இன்னொரு பக்டீரியா, இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். இதைத்தான் சைக்கிள் பண்ணுவது என்கிறோம். சில பேர் மலிவான மீனை முதலில் விட்டுப் பார்ப்பார்கள். பிழைத்தால் பிழைத்தது, செத்தால் செத்தது. ஸ்டான்லி கடையில் அந்த வேலை கிடையாது. ஒரு பச்சை இறாலைத் துணியில் கட்டிப் போட்டால் போதும். அது அழுகி அமோனியா கொடுக்கும், உயிரோடு ஒன்றும் வதைபடாது.

ஆகவே உப்புக் கலந்து தண்ணீர் நிரப்பினேன். ("ரயில் றோட்டுக்கு அங்கால கடல் கிடக்கு, உப்பை ஏன் காசு குடுத்து வாங்கிறீர்?" என்று டீச்சர் கேட்டார். "அந்தக் கடலுக்குள்ள ஊர்ச் சாக்கடைக் கானும் விழுதே டீச்சர்" என்றேன்.) கல் அடுக்கி, பம்பை ஓடவிட்டு, பைக்குள் இருந்து இறாலை எடுத்தேன்.

"அது என்ன?"

"இறால், டீச்சர்."

"இறாலோ? எங்கட ஹோலுக்கயோ? சாமியறைக்கு நேர அழுகப் போடப் போறீரோ?"

"சாப்பிட இல்ல டீச்சர், தண்ணிக்கு..."

"வெளிய போம்!"

லிஃப்டில் நானும் இறாலும் இறங்கினோம்.

2. நவச்சாரம்

அடுத்த நாள் காலையில் போன் அடித்தது.

"ஸ்டான்லி, அந்த இறாலில இருந்து உமக்கு உண்மையா என்ன வேணும்?"

"அமோனியா, டீச்சர்."

"அவ்வளவுதானே? அதுக்கு ஏன் ஒரு சீவன்? நவச்சாரம் போடும். அமோனியம் குளோரைட். ஈயம் பூசுற ஆக்கள் பாவிக்கிறது. பதிமூண்டு வயசுப் பிள்ளையளுக்கு நான் படிப்பிச்சது!"

ஈயம் பூசுகிறவருக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவன் நான். அந்த வெள்ளைப் புகையைக் குடித்து வளர்ந்தவன். எனக்கும் தோன்றியிருக்கும், டீச்சர் கொஞ்சம் முந்திவிட்டார், அவ்வளவுதான். ஈயக்காரரின் கட்டியில் என்ன கலந்திருக்குமோ என்று அதை விட்டுவிட்டு, பள்ளிக்கூட ஆய்வுகூடங்களுக்குச் சாமான் விற்கிற கடையில் சுத்தமான தூளாக வாங்கினேன். என் கடையில் பல வருஷம் ஓடுகிற டேங்கில் இருந்து பக்டீரியா குடியிருக்கிற கல் ஒன்றும் எடுத்துப்போய் வைத்தேன். அது என் மூளை, எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு டேங்க் என் கையை விட்டுப் போய்விட்டது. டெஸ்ட் கிட்டை டீச்சர் பறித்துக்கொண்டார். சோதனைக் குழாயில் தண்ணீர் பச்சையானால் அமோனியா இருக்கிறது, மஞ்சளானால் இல்லை. தினம் போன்.

"ஸ்டான்லி! பிள்ளையள் சாப்பிடத் தொடங்கிட்டுதுகள்! பச்சை குறையுது!"

"எந்தப் பிள்ளைகள், டீச்சர்?"

"பக்டீரியாதான்! வேற ஆர்?"

கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகளுக்குக் காலையில் எழும்பியதும் நவச்சாரச் சாப்பாடு. அதற்குப் பிறகுதான் சேருக்குத் தேத்தண்ணி. வீட்டுக்கு வந்தவர்கள் "மீன் எங்க?" என்று கேட்டால் சேர் பெருமூச்சு விட்டு "வரும்" என்பார். டீச்சர், "ஏன், இருக்கிறதுகள் காணாதோ?" என்பார்.

3. சாமிப் பானை

ஒரு நாள் கண்ணாடி துடைக்கப் போயிருந்தேன். கதவு திறந்தது. சேர். சட்டையெல்லாம் ஈரம், கையில் பொலித்தீன் பை, பைக்குள் இரண்டு கோமாளி மீன்!

முந்தின நாள் சோதனைக் குழாயில் மஞ்சளைப் பார்த்தவர், எல்லாம் முடிந்தது என்று நினைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் தெஹிவளைக்கு ரயில் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஐயோ, இப்பதானே பிள்ளையளுக்குச் சாப்பாடு போட்டனான்!" டீச்சர் தலையில் கை வைத்தார். "தண்ணி முழுக்க அமோனியா!"

பையின் மூலையில் ஓட்டை. ஹோல் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கடல்.

"மங்கை, என்னை ஏசு. அதுகளைச் சாக விட்டிடாத" என்றார் சேர்.

நான் வாளி கேட்டேன். வந்த வாளியில் சவர்க்கார மணம். சவர்க்காரம் ஊறின ஏனத்தில் கடல் மீனைப் போட்டால் கதை முடிந்தது. சமையலறைச் சட்டி எல்லாமே சவர்க்காரத்தில் கழுவுகிறது.

"டீச்சர், சவர்க்காரமே படாத ஏனம் ஒண்டும் இல்லியா?"

புருஷனும் பெண்சாதியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒன்று இருந்தது. பொங்கலுக்கும் படையலுக்கும் மட்டும் எடுக்கிற பானை. அதைக் கழுவுவது புளியும் தண்ணீரும் போட்டுத்தான்.

"பித்தளையா? செம்பு கலந்தா கடல் மீனுக்கு ஆகாது."

"எவர்சில்வர்" என்றார் டீச்சர், சத்தமே வராமல்.

"மங்கை, அது சாமிப் பானை" என்றார் சேர்.

எங்கள் பக்கம் அசைவச் சாப்பாட்டுக்கு மச்சம் என்று பேர். டீச்சர் சாமியறைக்குள் போனார், பானையோடு வந்தார், தீர்ப்பும் சொன்னார். "உயிரோட இருக்கிற வரைக்கும் அது மச்சம் இல்லை! ஊத்தும், ஸ்டான்லி!"

ஊற்றினேன். என் கடைக்கு த்ரீவீலர் பிடித்தோம். நடுவில் டீச்சர், மடியில் பானை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சேர். டிரைவர் திரும்பிப் பார்த்து சிங்களத்தில் "மாளுத அங்கிள்?" என்றான், மீனா என்று. "ஹெமின் மல்லி, ஹெமின்!" என்று டீச்சர் கத்தினார். மெதுவாகப் போ தம்பி என்று. அந்தப் பையனாவது, மெதுவாகப் போவதாவது! காலி வீதி என்கிற பெரிய றோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சேலை நனைந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் சேர் பானைக்குள் எட்டிப் பார்த்து கிரிக்கெட் கொமென்டரி மாதிரி அறிவித்தார்: "நீந்துது! ரெண்டும் நீந்துது!" பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலால் தலை நீட்டிக் கேட்க, அவர்களுக்கும் அறிவித்தார். கோட்டை தாண்டும்போது நாங்கள் மூன்று கிழடுகளும் சிரித்த சிரிப்பில் டிரைவரும் சேர்ந்துகொண்டான்.

கடையில் மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக என் டேங்க் தண்ணீரைப் பானைக்குள் விட்டுப் பழக்கி, பிறகு உள்ளே விட்டேன். இரண்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, தீனியைக் கொத்தின. சேர் என்னைக் கட்டிப்பிடித்தார். டீச்சர் என் டேங்க் ஒவ்வொன்றையும் பார்த்து, "இதுகளுக்கெல்லாம் சைக்கிள் ஒழுங்கா முடிஞ்சுதோ?" என்று கேட்டார். என்னை!

ஒரு நாள் போட்ட நவச்சாரம் மறுநாளைக்குள் அமோனியாவும் இல்லாமல் நைட்ரைட்டும் இல்லாமல் போகும் வரைக்கும் மீன்கள் என்னிடம்தான் இருந்தன. பிறகு நைட்ரேட் குறையத் தண்ணீர் மாற்றினோம். "ஸ்டான்லி, பாஸ். கொண்டு வாரும்" என்று டீச்சர் உத்தரவு கொடுத்த பிறகுதான் கொண்டுபோனேன். ஒன்றும் சாகவில்லை. டேங்க் கீழே இறங்கவில்லை. சேர் கதிரையை டேங்குக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. டீச்சர் சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, வாடிக்கையாளர் மீனைத்தான் கேட்பார். நீங்கள் தண்ணீரை முதலில் வளருங்கள். அதற்கு நல்ல பசி வந்த பிறகு மீனை விடுங்கள். அதுவரைக்கும் வெறும் தண்ணீருக்கு முன்னால் ஒரு மனுஷனைச் சந்தோஷமாகக் காத்திருக்க வைக்கத் தெரிந்தால் நீங்களும் தொழில்காரர்தான். என் அளவுக்கு வருவீர்களா என்பது வேறு விஷயம்.