ஒருமுறை தட்டினால் ஆமாம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி. மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான். எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். என் மகள் இல்லை. அவள் வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு பேசத்தான் நாங்கள் நாலு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் நின்றோம்.

நின்றோம் என்றால் நின்றோம்தான். எங்கள் வீடு முடிச்சூரில். பெருவெள்ளத்தின்போது வீட்டுக்குள் இடுப்புவரை தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லோரும் சாமான்களை மேலே ஏற்றிவிட்டார்கள். ஃபிரிட்ஜுக்குக் கீழே மூன்று அடுக்கு செங்கல். கம்ப்யூட்டருக்கு நெஞ்சு உயரத்தில் சிமெண்ட் பலகை. மகள் படிக்கும்போது உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அவள் போன பிறகு அந்த ஸ்டூலின் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. சரி பண்ணவில்லை.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டினேன். மேற்குத் தாம்பரத்தில் நின்று, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று கத்தி ஆள் ஏற்றுவேன். இருபத்திரண்டு வருஷம் கத்தினேன். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து குரல் பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது வழியாக மூச்சு விடுகிறேன். மேலே ஒரு துணி கட்டியிருக்கிறேன். பேச்சு இல்லை. ஆட்டோவை மச்சான் ஓட்டுகிறான்.

என் செல் பட்டன் செல். பேச முடியாதவனுக்கு ரீசார்ஜ் எதற்கு என்று விட்டுவிட்டோம். அந்த நம்பர் செத்துப்போனது. வீட்டில் டச் போன் மனைவியிடம் ஒன்றுதான். அதில் நான் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும்.

மகள் போன் பண்ணினால் மனைவி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைப்பாள். நான் மேசையைத் தட்டுவேன். ஒருமுறை தட்டினால் ஆமாம். இரண்டுமுறை தட்டினால் இல்லை. மகள்தான் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவள் கேட்பாள், நான் தட்டுவேன். சாப்பிட்டீங்களா, ஒன்று. வலிக்குதா, இரண்டு. ஒரு வருஷம் அதிலேயே ஓடியது.

அவளுக்கு அங்கே ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். போட்டால் லீவு அந்த இரண்டு வருஷத்தின் கடைசியில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லியாக வேண்டும். புதன்கிழமை போனில் அவள் கேட்டாள்.

"அப்பா, நான் வந்துடட்டுமா?"

நான் இரண்டுமுறை தட்டினேன்.

அதற்கு முன்பே மனைவி போனை மேசையிலிருந்து கையில் எடுத்துவிட்டிருந்தாள். "அப்பா உன்ன வரச் சொல்றாரும்மா" என்றாள்.

நான் மறுபடி இரண்டுமுறை தட்டினேன். பலமாகவே தட்டினேன்.

"இன்னாம்மா சத்தம் அது?"

"பக்கத்து வூட்ல ஆணி அடிக்கிறாங்க."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் கோபப்படவில்லை. அவள் சொன்னது பொய். ஆனால் மகளைப் பார்க்க வேண்டும் என்பது பொய் இல்லை. இருந்தாலும் மகளுக்கு என் பதில் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை மாடிப் பெண்ணுக்கு லீவு. நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். 'கம்ப்யூட்டரில் எழுத்தில் பேச வேண்டும். மகளோடு. இன்றே.'

அவள் படித்துப் பார்த்துவிட்டு உடனே இறங்கி வந்தாள். "ஈஸிதான் அங்கிள். அரை மணி நேரம்" என்றாள்.

ரொம்ப நாளாகப் போடாத கம்ப்யூட்டர். துணியை எடுத்துத் தூசு தட்டினோம். திறந்து வருவதற்கே இருபது நிமிஷம். அதற்குள் மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான்.

"இன்னா மாமா, ஆபீஸ் போட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றான்.

மாடிப் பெண் தன் செல்லிலிருந்து இன்டர்நெட் கொடுத்தாள். சாட் புரோகிராமை இறக்கினாள். அது போன் நம்பர் கேட்டது. உயிரோடு இருப்பது மனைவி நம்பர் ஒன்றுதான். அதைக் கொடுத்தாள். மனைவியின் செல்லில் டிங் என்று சத்தம் வந்தது.

"ஆன்ட்டி, ஆறு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க."

மனைவி செல்லைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஓடிபியா? சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல போர்டே வெச்சிருக்கான்."

"இது பேங்க் இல்ல ஆன்ட்டி. நம்ம வீட்டு கம்ப்யூட்டர்."

"நம்ம வூட்டு கம்ப்யூட்டர்னா அதுக்கு நம்மள தெரியாதா? நம்பர் எதுக்கு அதுக்கு?"

"அக்கா, மாமாவுக்குத்தானே சொல்லப்போற?" என்றான் மச்சான்.

"அவருக்கும் சொல்லக் கூடாது."

நேரம் ஓடி அந்த நம்பர் செல்லாமல் போனது. மாடிப் பெண் இன்னொன்று வரவழைத்தாள். அதையும் மனைவி சொல்லவில்லை. அவள் பேங்குக்குப் பயந்து சொல்லவில்லையா, வேறு எதற்காவது சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வந்தபோது நான் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை. செல்லைக் கொடுத்தாள்.

புரோகிராம் திறந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக விழும்படி மாடிப் பெண் வைத்துக் கொடுத்தாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் பெரிய எழுத்துகள் தெரியும். நம்பர் பிளேட்டில் இருக்கிற எழுத்துகள்தான் கீபோர்டிலும் இருக்கின்றன. அதைச் சொல்ல முடியாமல், டி, என் இரண்டையும் தொட்டுக் காட்டினேன்.

"தமிழ்நாடு வண்டி" என்றான் மச்சான்.

மாடிப் பெண் மகளுக்குச் செய்தி அனுப்பினாள். அவள் செல் அடித்தது. ஏதோ மீட்டிங்காம், லீவு நாளிலும் கூப்பிடுகிறார்கள். போகும்போது சொன்னாள். "அக்கா ரிக்வெஸ்ட் அனுப்புவாங்க அங்கிள். பச்சை பட்டன் குடுங்க. தெரியாதவங்க யாராவது வந்தா சிவப்பு குடுத்துடுங்க. இப்ப ஃபிராடு ஜாஸ்தி."

ஐந்து நிமிஷத்தில் ஒரு ரிக்வெஸ்ட் வந்தது. போட்டோவில் தலைக்குத் தொப்பி, மூக்குக்குமேல் மாஸ்க். கண் மட்டும் சின்னதாகத் தெரிந்தது. பெயர் இங்கிலீஷில் இருந்தது. அதை மட்டும் என்னால் படிக்க முடிந்தது. என் லைசென்ஸில் இருபத்திரண்டு வருஷம் பார்த்த எழுத்துகள். என் பெயர். பின்னால் ஒரே ஒரு எழுத்து.

நெஞ்சில் கை வைத்து, அது நான் என்று காட்டினேன்.

மச்சான் சோறு மெல்வதை நிறுத்தினான். "உங்க பேரா? மாமா, உங்க பேர்லயே எவனோ வந்துகினு கீறான். மூஞ்சிய வேற மூடிகினு கீறான் பாரு."

"பேங்க் பணத்துக்கு வந்துட்டான்" என்றாள் மனைவி. "நான் சொன்னேன் இல்ல? அந்த ஆறு நம்பர குடுத்ததுக்கு அப்புறந்தான் வரான். அமுக்குங்க சிவப்ப."

அழுத்தியது நான்தான்.

பிறகு காத்திருந்தோம். மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மச்சான் கை கழுவிவிட்டு வந்தான். கால் வலித்தது, பலகையில் சாய்ந்துகொண்டேன். அரை மணி நேரம் போனது.

"அவளுக்கே இஷ்டம் இல்லபோல" என்றாள் மனைவி. "வரேன்னு முடிவு பண்ணிட்டா. எழுத்து எதுக்குன்னு வுட்டுட்டா."

அப்போது அவள் செல் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது.

"அம்மா, அப்பாவுக்கு எம்மேல கோவமா?"

"இன்னாடி சொல்ற?"

"என்ன பிளாக் பண்ணிட்டாரும்மா. ரிக்வெஸ்ட் அனுப்பின உடனே பிளாக் பண்ணிட்டாரு. நான் வரேன்னு சொன்னது புடிக்கலியா, வரலன்னு நெனச்சிட்டாரா? தட்டச் சொல்லும்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அது நீயாடி?" என்றாள் மனைவி. "மூஞ்சிய மூடிகினு, அப்பா பேர வெச்சிகினு வந்தா யாருன்னு தெரியும்?"

"பாஸ்போர்ட்ல அப்பா பேர்தானேம்மா கடைசி பேரு. இங்க எல்லாரும் அதத்தான் கூப்புடுவாங்க. என் பேருக்கு ஒரு எழுத்துதான், வார்டுல அது யாருக்குமே தெரியாது."

எனக்கு அது தெரியாது. அங்கே வார்டு முழுக்க என் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறார்கள். நாலு வருஷமாக.

மனைவி நினைத்திருந்தால் அப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்குக் கோபம்தான், நீ வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்கப்பா உன்ன ஃபிராடுன்னு நெனச்சிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாள். மச்சான் ஓடிப்போய் மாடிப் பெண்ணைக் கூட்டிவந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டே பிளாக்கை எடுத்துவிட்டாள். இந்தமுறை பச்சை பட்டனை அவளே அழுத்தினாள்.

மகள் முதலில் எழுதியது: 'இது அம்மா நம்பர். டைப் பண்றது அப்பாதானா?'

நான் யோசித்தேன். அப்பா என்று அடிக்கலாம். அதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கீபோர்டில் ஓரத்தில் புள்ளி இருந்தது. ஒருமுறை அழுத்தி அனுப்பினேன்.

'.'

பிறகு வந்தது. 'நான் வரணுமாப்பா?'

'. .'

'அன்னிக்கி ஆணி அடிச்சது நீங்கதானா?'

'.'

மச்சான் எழுத்துக்கூட்டிப் படித்தான். "அக்கா, எந்த வூட்டு ஆணி அது?"

"போடா, சவாரிக்கு நேரமாச்சு" என்றாள் மனைவி. அவன் போகவில்லை.

அடுத்து மகள் ஒரே வார்த்தை கேட்டாள். 'ஏன்?'

அதைத் தட்டிக் காட்ட முடியாது. ஒரு வருஷமாக அவள் அப்படி எதையும் என்னிடம் கேட்கவில்லை. தட்ட முடிந்ததை மட்டும் கேட்பாள்.

ஒரு விரலால் அடித்தேன். எழுத்தைத் தேட வேண்டும். தப்பாக விழுந்தால் அழிக்க வேண்டும். மாடிப் பெண் உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்று கை காட்டினேன். நடுவில் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. 'எழுதுகிறார்னு பத்து நிமிஷமா காட்டுதுப்பா. மெதுவா எழுதுங்க. நான் இங்கதான் இருக்கேன்.' நான் எழுதிக்கொண்டிருப்பது அங்கே தெரிகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். மறைக்கவில்லை நான். அடித்து முடித்தது இதுதான்.

'எனக்கு வலி இல்ல. சாப்பிடறேன். பாலம் வரைக்கும் நடக்கறேன். நீ வந்தா என் கழுத்தயே பாத்துகினு உக்காந்திருப்ப. நான் அதப் பாத்துகினு கெடக்கணும். அது எனக்கு வேணாம். உன்ன பாக்கணும்னு உங்கம்மாவுக்கு ஆச. எனக்கும்தான். உங்கம்மாவ நான் பாத்துக்கறேன். கையெழுத்து போடு.'

ஆபரேஷனுக்குப் பிறகு நான் இத்தனை வார்த்தை சொன்னதில்லை. முன்னாலும் வீட்டில் சொன்னதில்லை. எல்லாம் தாம்பரத்தில் கத்தியதுதான்.

மனைவி கடைசி வரியைப் படித்துவிட்டு நகர்ந்துபோனாள். சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

இப்போது எங்கள் பக்கம் 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று மச்சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

வந்தது ஒரு புள்ளி.

"இன்னா சொல்றா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். நான் சமையலறை வாசலுக்குப் போய் ஒரு விரலைக் காட்டினேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து டீ கொண்டுவந்தாள். நாலு பேர்தான் இருந்தோம். அதிகமாக இருந்த ஒன்றை மச்சான் குடித்தான். மாடிப் பெண் கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே போனாள். மச்சான் சவாரிக்குப் போனான்.

மனைவி மாதக் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இன்னொன்று.

"ரெண்டு வருஷம்னா எத்தினி நாளு?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன்.

730.