படம் தின்ற விதைநெல்

வயலில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவள் என்று எங்கள் ஊரில் என்னைப் பற்றி இன்றைக்கும் ஒரு கதை இருக்கிறது. சொல்கிறவர்களில் ஒருவராவது ஓகஸ்ட் மாத வெயிலில், வாய்க்கால் கரையில், நாலு வயதுப் பிள்ளையை ஒரு நாள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிறகு வந்து என்னோடு கதைக்கட்டும்.

எங்கள் வீடு ஜெயபுரத்தில். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு உருத்திரபுரம் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் செய்வோம். ட்ராக்டரில் போனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதனால் அறுவடை நேரத்தில் வீட்டுக்கு வந்துபோகிற பேச்சே இல்லை. ட்ராக்டரின் பின்னால் கொழுவுகிற பெட்டிதான் வீடு. நாலு மூலைக்கும் கம்பு கட்டி மேலே தறப்பாளைப் போட்டால் கூரை. கீழே வைக்கோல், அதன் மேல் பாய். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பிள்ளைகளும் கூட வருவார்கள். அந்த வருடம் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு.

விற்கிற நெல் வெட்டின அன்றே லொறியில் போய்விடும். எங்களை அங்கே கட்டிப்போடுவது விதைநெல்தான். அடுத்த மாரிக் காலபோகத்துக்கு விதைக்கவென்று நல்ல நெல்லாகப் பார்த்துப் பிரித்த பதினைந்து மூட்டை. அதைத் தார் ரோட்டில் காயப்போடக் கூடாது, சூட்டில் முளை செத்துப்போகும். வயல் மேட்டில் படங்கு விரித்து, நாலைந்து நாள் கிண்டிக் கிண்டிக் காயவிடவேண்டும். கட்டாக்காலி மாடு வரும், மயில் வரும், எல்லாவற்றுக்கும் மேலே மழை வரும். நனைந்தால் போச்சு, அடுத்த போகத்துக்கு விதை இல்லை.

போன முதல் நாளே மகன் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டான். தண்ணீர் இடுப்புக்கு மேலே ஓடுகிறது. சட்டையில் பிடித்து இழுத்து எடுத்தேன். நெல்லைக் கிண்டுவதா, இவனைப் பிடிப்பதா? பெட்டியை விட்டு இறங்காமல் இருக்க அவனுக்கு ஏதாவது வேண்டும். அதற்குத்தான் படம். பொழுதுபோக்குக்கு அல்ல, பிள்ளையின் உயிருக்கு.

அதிலும் நான் லேசில் இந்த முடிவுக்கு வரவில்லை. முந்தின வருடம் வீட்டு டிவியைக் கொண்டுபோய் இன்வேட்டரில் கொழுவிப் பார்த்தோம். ட்ராக்டர் பற்றறியை அது இருபது நிமிடத்தில் உறிஞ்சிவிட்டது. கைப்பேசி மத்தியானத்துக்கு முன்னமே செத்துப்போகும், சார்ஜ் போட மைல் கணக்கில் நடக்கவேண்டும். கடைசியில் என் தம்பி ஒரு பழைய வானிலிருந்து கழற்றின சின்ன டிவிடி பிளேயரைக் கொண்டுவந்து தந்தான். திரை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியளவுதான். இன்வேட்டர் தேவையில்லை, இரண்டு கிளிப்பைப் பற்றறியில் கவ்வவிட்டால் போதும். எடுக்கிற கரண்ட் ட்ராக்டரின் பின் லைட் எடுக்கிற அளவுதான் என்று தம்பி சொன்னான். அதையும் நான் நம்பாமல் சட்டம் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் மட்டும். வெளிச்சம் பாதி. சத்தம் பெட்டியைத் தாண்டக் கூடாது. திரையில் வெயில் விழாமல் இருக்க பிஸ்கட் மட்டைப் பெட்டியை வெட்டி முக்காடு மாதிரிப் போட்டேன். மகள்தான் பொறுப்பு. நேரம் முடிந்ததும் தன் தம்பி அழ அழ நிற்பாட்டி, வயரைச் சுற்றி, டிஸ்குகளை உறையில் போட்டு வைப்பாள். ஒரு நிமிடம் கூட்டிப் பார்த்ததில்லை.

உருத்திரபுரத்திலிருந்து சாப்பாடு கொண்டுவந்த என் மச்சாள், என் வீட்டுக்காரரின் அக்கா, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வயலிலயும் படமோ? நாங்களும்தான் பிள்ளை வளத்தனாங்கள்" என்றா.

"ஓம் மச்சாள், அப்ப இவனை ரெண்டு நாள் கூட்டிக்கொண்டுபோய் வளத்து விடுங்கோவன்" என்றேன். அவா சாப்பாட்டுக் கரியரைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டா.

இனிப் பற்றறியின் கதை. அது கிழட்டுப் பற்றறி. மாற்றுங்கோ மாற்றுங்கோ என்று இரண்டு வருடமாக அவருக்குச் சொல்லி என் வாய் உளைந்ததுதான் மிச்சம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ட்ராக்டரை வாய்க்கால் கட்டின் இறக்கத்தில், முகம் கீழே பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிடுவார்கள். எடுக்கவேண்டிய நேரத்தில் கல்லைத் தட்டிவிட்டால் தானாக உருளும், உருளுகிற வேகத்தில் கியரைப் போட்டால் எஞ்சின் பிடித்துவிடும். பற்றறியை நம்பவேண்டியதில்லை. அவரும் அப்படித்தான் ஒவ்வொரு நாளும் நிறுத்துவார்.

மூன்றாம் நாள் காலை பெட்டியோடேயே சந்திக்குப் போய் குடிதண்ணீர் எடுத்து வந்தார். வந்து வழக்கம்போல இறக்கத்தில் விடப் போனார். நான்தான் மறித்தேன். அந்த இடத்தில் நின்றால் பின்னேர வெயில் நேரே பெட்டிக்குள் அடிக்கிறது, முக்காடு போட்டும் திரையில் ஒன்றும் தெரியவில்லை, பானை சட்டியெல்லாம் சரிகிறது. மருதமர நிழலில், சமதரையில் விடுங்கோ என்றேன்.

"இறக்கத்தில நிக்கட்டுமப்பா" என்றார்.

நான் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்ன விதம் நல்ல விதமில்லை. அவர் திருப்பிக் கொண்டுபோய் நிழலில் விட்டார்.

அன்று மூன்று மணிக்குத் தெற்கே இரணைமடுப் பக்கம் வானம் கறுத்தது. நானும் அவரும் மகளும் ஓடி ஓடி நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டிப் பெட்டியில் ஏற்றினோம். மகள் சாக்கு வாயை விரித்துப் பிடித்த பிடியில் அவளுடைய விரல்கள் உரிந்துபோயின. சந்தியில் தெரிந்த ஒருவரின் நெல் ஸ்டோர் இருந்தது, கால் மணித்தியாலத்தில் போய்விடலாம். பதினைந்து மூட்டையும் ஏறிவிட்டது. அவர் ட்ராக்டரை ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். திரும்பவும் டக். பிறகு அதுவும் இல்லை. தள்ளினோம். சமதரையில், பாரம் ஏற்றின பெட்டியோடு, ஒரு சாண்கூட அசையவில்லை. முதல் துளி என் கழுத்தில் விழுந்தது.

அவருடைய கண் பற்றறியில் கவ்வியிருந்த கிளிப்புகளுக்குப் போனது. பிடுங்கினார். பிளேயரை இழுத்து வயலுக்குள் எறிந்தார். திரும்பி மகளுக்குக் கன்னத்தில் ஒரு அறை.

"உன்ர படம்தானடி எல்லாத்தையும் திண்டது!"

அவருக்குக் காலையில் நடந்தது நினைவு வரவில்லையா, அல்லது என்னோடு சண்டை பிடிக்கப் பயமா, தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளையை அடிப்பது லேசு. எனக்குக் காலையில் நடந்தது தெரியும். நான் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். மச்சாளுக்கு வாய் காட்டினவள், கமக்காரக் கூட்டத்தில் எழும்பி நின்று சண்டை பிடிக்கிறவள், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என்னைத்தான் பார்த்தது.

தறப்பாளில் ஓட்டை. மழை மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் சாக்கை அவிழ்த்தபோது சூடு முகத்தில் அடித்தது. நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்திருந்தது, வெள்ளை வெள்ளையாக. அந்த முறை விதைக்கு ஊரில் நாலு வாசல் ஏறி இறங்கினோம். ஏறின வாசல் எல்லாவற்றிலும் படத்தின் கதையைக் கேட்டார்கள். மகள் எங்களோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பற்றறியைப் பார்த்த மெக்கானிக், என் வீட்டுக்காரர் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் என்னிடம் சொன்னார். "அக்கா, இது உள்ளுக்கத் தகடு செத்துப்போன பற்றறி. அந்தச் சின்னப் படப்பெட்டி குடிச்சு இது இறங்கேல்ல. நீங்கள் ஏன் இறக்கத்தில விடேல்ல?" அவர் வந்தபிறகு நான் அதைச் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பழி பிள்ளையிடம் இருந்தது, பாவம் என்னிடம் இருந்தது. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் எனக்கு எரிச்சல்தான் கூடியது. அதையும் ஊரில் உள்ளவர்கள் மேலும் மச்சாள் மேலும் அவர் மேலும் கொட்டினேன். உண்மையில் அந்தக் கோபம் எனக்கு என் மேலேதான்.

ஏழு வருடம். இந்தச் சிறுபோகத்துக்கும் அதே வயலில்தான் நின்றோம். பற்றறி புதிது. பெட்டிக்கு மேலே ஒரு சின்னச் சோலர் தகடு வைத்து, மகன் அதில் கைப்பேசியை சார்ஜ் போட்டுப் படம் பார்க்கிறான். ட்ராக்டருக்கும் அதற்கும் ஒரு வயர் தொடர்பும் இல்லை. ஆனாலும் வானத்தில் ஒரு முகில் கண்டால் போதும், மகள் வந்து அவனுடைய கையிலிருந்து கைப்பேசியைப் பறித்து நிற்பாட்டிவிடுவாள். போன கிழமையும் பறித்தாள். அவன் கத்தினான். அவள் அதைச் சாக்குக்குக் கீழே வைத்தாள். பதினாறு வயதுப் பிள்ளை. எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, அண்டைக்குப் படத்தால ஒண்டும் நடக்கேல்ல. ட்ராக்டரை நிழலில விடச் சொன்னது நான்" என்றேன்.

அவள் சாக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும் அம்மா. நான் பெட்டிக்குள்ள தானே இருந்தனான். நீங்கள் மூண்டு தரம் சொன்னது கேட்டது."

"தெரிஞ்சும் ஏன்டி இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்ல?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெட்கமில்லாத கோபம். பிடிபட்டவளின் கோபம்.

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "என்னட்டச் சொல்லி என்ன, அடிச்சது அப்பா தானே. அப்பாட்டச் சொல்லுங்கோ."

அவர் கீழே வாய்க்கால் கட்டின் இறக்கத்தில், குந்தியிருந்து டயருக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். பற்றறி புதிது என்றாலும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. நான் பெட்டியிலிருந்து இறங்கினேன். மகள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது திரும்பாமலே தெரிந்தது.

"இஞ்சருங்கோ" என்றேன். அவர் நிமிர்ந்தார்.