தாளிக்காத அடுப்பு

அமலம்மாள் என்ற பேரை நான் முதலில் கேட்டது மாதா கோயிலில், கலியாண ஓலை வாசித்தபோது. மாப்பிள்ளை என் சின்னம்மா மகன் அந்தோணிராஜ்; பெண் நிபோங் திபால் எஸ்டேட்டுக்காரி. பக்கத்திலிருந்த பெரியம்மா, "அவ தாளிச்சா தெருவே மணக்குமாம்டி" என்று என் காதைக் கடித்தாள். அந்தத் தாளிப்பைத்தான் பின்னால் அவள் விட்டுவிட்டாள்.

அண்ணன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. இருட்டோடு போவார், விளக்கு வைத்துத்தான் வருவார். "உங்க அண்ணன் முகத்தை வெளிச்சத்துல பாக்கணும்னா நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குத்தான் போகணும்" என்பாள் அண்ணி.

உலகச் சண்டைக்கு முந்தி ஒரு வருஷம் அவர்கள் சந்தில் வைசூரி கண்டது. முனிசிபல்காரர்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தின் இரு முனையிலும் கயிறு கட்டிப் போலீஸ்காரனை நிறுத்தினார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. நாங்கள் அரிசியும் கருவாடும் கொண்டுபோய்க் கயிற்றடியில் வைத்துவிட்டுத் திரும்புவோம்.

அடுத்த வீடு ருக்கையாவுடையது. அவள் புருஷன் முகம்மது சுல்தான் கயிற்றுக்கு வெளியே மாட்டிக்கொண்டார். உள்ளே அவளும் சின்ன மகனும் மட்டும். ஒரு காலையில் பின்கட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி அண்ணியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, புள்ளைக்கு முத்துப் போட்டிருக்கு. யார்கிட்டயும் சொல்லிராதீங்க, தூக்கிட்டுப் போயிருவாங்க. அவனுக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் தாளிக்காம இருங்கக்கா. அந்த வாசம் ஆகாது."

அம்மை கண்ட இடத்தில் எண்ணெய் காயக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது. கோயிலுக்குப் போகிறவர்களானாலும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களானாலும் எங்கள் சனத்துக்கு இது ஒன்றுதான்.

"மாதா மேல சத்தியம் ருக்கையா, தாளிக்க மாட்டேன்" என்றாள் அண்ணி.

அவர்கள் வீட்டுக்குள்ளே நடந்தது வேறு. கலியாணமாகி முதல் தடவையாக அண்ணன் நாள்தோறும் பகலில் வீட்டில் இருந்தார். அவரே காப்பி ஆற்றிக் கொடுத்தார். முற்றத்தில் உட்காரவைத்து அவள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டார். மத்தியானம் இரண்டு பேரும் பல்லாங்குழி ஆடினார்கள்.

"கள்ளாட்டம் ஆடுறீங்க!"

"கப்பல்ல வெள்ளைக்காரன் ஆடுறதை விடவா?"

சிரிப்பு வெளியே கேட்கக்கூடாது என்று அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை முனகுவது கேட்டுக்கொண்டிருந்தது. "தெருவே செத்துக் கிடக்கு, நானோ, இந்தக் கயித்தை அவங்க அவுத்துரக்கூடாதேன்னு நெனச்சேன். என்ன சென்மம் நான்?" என்று பின்னால் என்னிடம் கேட்டாள்.

ஒருநாள் அடைமழை. வெறும் கஞ்சியும் அவித்த பருப்புமாகச் சாப்பிட்டு அலுத்துப்போன அண்ணன், "நாக்கு செத்துப்போச்சு அமலம். ஒரே ஒரு மொளகா. இந்த மழையில வாசம் எங்க போகப்போவுது?" என்றார். அவள் மாட்டேன் என்றாள். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் சன்னலைச் சாத்தினாள். முற்றத்துக்கு மேலே வானம் திறந்து கிடக்கிறதே, அதைச் சாத்த முடியுமா? இரும்புக் கரண்டியில் சொட்டு எண்ணெய் விட்டுக் கடுகும் மிளகாயும் பொரித்துப் பருப்பில் கொட்டினாள். இரண்டு பேரும் விரலை நக்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடியலில் சுவருக்கு அந்தப் பக்கம் ருக்கையா பிள்ளையைச் சொல்லி அழுவது கேட்டது.

கயிறு அவிழ்த்த பிறகு ருக்கையா வந்தாள். திட்டுவாள் என்று அண்ணி தலை குனிந்து நின்றாள். ருக்கையா திட்டவில்லை.

"அன்னைக்குப் பருப்பு வாசம் வந்துச்சுக்கா. அதுவரைக்கும் ஒண்ணுமே வேணாம்னு கெடந்த புள்ள, கண்ணைத் தொறந்து, 'உம்மா, அது வேணும்'னான். ஆகாதுன்னு நான் உங்ககிட்ட கேக்காம இருந்துட்டேன். கேட்டிருந்தா குடுத்திருப்பீங்கதானே?"

அண்ணி தலையை ஆட்டினாளாம்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். தாளிப்பதில் பாவம் இல்லை, சத்தியத்தை மீறியதற்கு மட்டும் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல் என்றாராம் வெள்ளைக்காரச் சாமியார். "மூணுதானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். தாளித்தது தப்பா, ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் நீட்டாதது தப்பா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதன்பின் அவள் அடுப்பில் கடுகு வெடிக்கவே இல்லை. அண்ணன் சாகும்வரை தாளிக்காத குழம்பே சாப்பிட்டார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருடைய முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்றுதான் அண்ணி இதையெல்லாம் என்னிடம் சொன்னாள்.

மகள் ரீத்தா தாளிக்கும்போது அண்ணி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். இப்போது அவள் பாகான் டாலாமில், ரீத்தாவோடு இருக்கிறாள்.