மாவுக்குள் ஒரு சிலுவை

பிஷாய் தன் வீட்டு மாடியில் திருட்டுத்தனமாகத் தேவாலயம் கட்டுகிறானாம். ரொட்டிக்கடை வரிசையில் யாரோ சொன்னார்களாம். அடுத்த வீட்டு முஸ்லிம் மருத்துவச்சி உம்மு அஷ்ரஃப் வியாழக்கிழமை வந்து சொன்னபோது பிஷாயின் மனைவி தமியானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கட்டியது புறாக்கூடு. வெயில் தாங்கட்டுமென்று அதன் மண்கூம்புக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தான், அவ்வளவுதான்.

"புறா என்னிக்குப் பூசை வைக்குதாம்?"

"சிரிக்காதடி. தூரத்துலேந்து பாத்தா கோபுரமாத்தான் தெரியுது. இடிச்சிடச் சொல்லு."

குஞ்சு பொரிக்கட்டும் என்றான் பிஷாய்.

வெள்ளிக்கிழமை மதியம் கும்பல் திரண்டு வந்தது; கதவில் கோடாலி விழுந்தது. புறாக்களைக் கழுத்தைத் திருகித் தெருவில் எறிந்தார்கள். முன்னறையில் மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டது. பிஷாய் கடப்பாரையோடு வாசலை மறித்தான். முதல் தடி அவன் காதைப் பிய்த்தது.

"பிள்ளையத் தூக்கிட்டுப் படகுக்கு ஓடு! அக்கரை போய்ச் சேந்ததும் போன் பண்ணு!"

ஆறு வயது மகள் யுஸ்தினாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தமியானா பின்சுவரேறி உம்மு அஷ்ரஃபின் அடுப்படியில் குதித்தாள். படகுத்துறை அந்த வீட்டுக்கு எதிரேதான். நைலுக்கு அக்கரையில் பறவை மலை. ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பி மரியாள் மகனோடு ஒளிந்த குகை அங்கே. அதன் திருவிழாவில் கிறிஸ்தவப் பிள்ளைகளின் வலது மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்துவதே இருபது வருடமாகத் தமியானாவின் பிழைப்பு. பன்னிரண்டு நாளுக்கு முன் தன் மகளுக்கும் குத்தினாள். "ரெண்டு வருசம் போகட்டுமே" என்றான் பிஷாய். அவள் கேட்கவில்லை. பொருக்கு இன்னும் உதிரவில்லை.

துறையில் இளவட்டங்கள் ஒவ்வொரு மணிக்கட்டையும் திருப்பிப் பார்த்தார்கள். தையல்காரர் மக்காரியின் கையைக் கல்லில் வைத்து இரும்புக்கம்பியால் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படிச் சன்னல்வரை கேட்டது. அந்தக் கையில் இருந்ததும் அவள் குத்திய சிலுவைதான்.

உம்மு அஷ்ரஃப் மாவுத்தொட்டியை இழுத்தாள். யுஸ்தினாவின் கையை ரொட்டி மாவில் முழங்கைவரை அமுக்கினாள். தமியானா அடுப்பின் இரும்புத் தகட்டைப் பார்த்தாள். முக்காட்டு முனையைக் கடித்துக்கொண்டு, சிலுவையுள்ள தன் வலது மணிக்கட்டை அதில் வைத்து அழுத்தினாள். தோல் தகட்டோடு போயிற்று.

"கையைக் காட்டு" என்றான் துறையில் கம்பிக்காரன்.

"டேய் மஹ்ரூஸ், உன் தொப்புள்கொடிய அறுத்தவடா நான்!" உம்மு அஷ்ரஃப் சீறினாள். "என் தங்கச்சி ரொட்டி சுடுறப்போ கையச் சுட்டுக்கிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பிள்ளையோட மாவுக்கையையும் நக்கிப் பாக்கணுமா? பாரு, நக்கு!"

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெந்த சதையைக் கண்டு மஹ்ரூஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

படகு நகர்ந்தது. மரியாளின் மகனுக்கு அன்று காட்டிக்கொடுக்கக் கையில் ஒரு தழும்பும் இல்லையே என்று நினைத்தாள் தமியானா.

"அம்மா, மாவு காயுது."

"காயட்டும்."

அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். ஊருக்கு மேல் புகை. வெள்ளைக் கூம்பைக் காணவில்லை. இடக்கையால் பிஷாயின் எண்ணை அழுத்தினாள். ஏழாவது தடவை.

"அப்பா எடுத்துட்டாரா?"

"மணி அடிக்குது," என்றாள்.